டிரெசருக்கு நான் வாசித்த அடக்கச் செபம்

செடெனாக்கிற்குப் பக்கத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தில் கத்தோலிக்கர் முப்பத்தேழு பேர். அவர்களில், பூசையில் அப்பமாகக் கொடுக்கும் நன்மையை வாங்கும் வயது வந்தவர்கள் இருபத்தாறு. புரோட்டஸ்டண்டுகள் ஒன்பது பேர்தான். ஆனால் அவர்களுக்குத் தலைவர், தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். யாழ்ப்பாணத்துக்காரர், என் பக்கத்து வீடு. ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் என்னோடு வேதத் தர்க்கம் செய்தவர்.

"ஐசே, செத்தவனுக்குச் செபம் சொல்லி என்ன பிரயோசனம்? மருந்து உயிரோட இருக்கிறவனுக்குத்தான் குடுக்கிறது," என்பார்.

"உங்க மருந்து குடிச்சவனுக்குத்தான் சார் அந்தச் செபமே தேவைப்படுது," என்பேன். தலையை ஆட்டிச் சிரிப்பார்.

புரோட்டஸ்டண்டுகளின் வழிபாட்டில் நாங்கள் எவ்வளவு தூரம் கலந்துகொள்ளலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து ரயிலில் வரும் எங்கள் பிரெஞ்சுச் சாமியார் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். கல்யாணம், சாவு என்றால் சிநேகத்துக்காகப் போய் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. நான் ஐந்து முறை நின்றிருக்கிறேன்: கல்யாணம் இரண்டு, அடக்கம் மூன்று. ஐந்திலும் உதடுகூட அசைத்ததில்லை.

ஆறாவது, டிரெசரின் அடக்கம். மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து, ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் அவர்களுடைய பாதிரியார் வர முடியவில்லை. பிற்பகல் நான்கு மணிவரை காத்திருந்தோம். அதற்கு மேல் உடலை வைத்திருக்க முடியாது. மிச்சமிருந்த எட்டுப் பேரில் எழுத்து தெரிந்தவர் டிரெசரின் மனைவி ஒருவர்தான். குழியருகே செபப் புத்தகத்தைத் திறந்து அந்த அம்மாள் இரண்டு வரி வாசித்தார். மூன்றாவது வரிக்குக் குரல் வரவில்லை. புத்தகத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீங்கள் வாசியுங்கோ. உங்கட குரல் அவருக்குப் பழக்கம்தானே."

என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

மொத்தம் பதினொரு பகுதி. ஒன்றையும் விடாமல் வாசித்தேன். வாட்ச்மேன் குடை பிடித்தும் பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டதால் இரண்டு இடத்தில் வார்த்தை தவறிவிட்டது. அந்த இரண்டும் இன்றுவரை என்னை உறுத்துகின்றன. அவர் இருந்திருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்.

பாஸ்கு, அதாவது ஈஸ்டர், வந்தது; சாமியாரும் வந்தார். பூசைக்கு முன்னால் ஸ்டோர் கொட்டகையில் பாவசங்கீர்த்தனம். பாவம் எது, எத்தனை தடவை என்று இரண்டையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. எனக்கு அது கஷ்டமாக இருந்ததே இல்லை.

"ஒரு தடவை சாமி. ஆனா பதினொரு செபம் வாசிச்சேன். அதை ஒண்ணா எண்ணணுமா, பதினொண்ணா எண்ணணுமான்னுதான் தெரியல."

"ஒண்ணு போதும். செஞ்சதுக்கு மனஸ்தாபப்படறியா?"

யோசித்தேன். பொய் சொன்னால் பாவம் இரண்டாகிவிடும்.

"இல்ல சாமி. ரெண்டு வார்த்தை தப்பா வாசிச்சதுக்குத்தான் வருத்தம்."

"மனஸ்தாபம் இல்லாம பாவப்பொறுத்தல் குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இன்னிக்கு நன்மைக்கு வராதே."

ஞாயிறுதோறும் அந்தக் கொட்டகையில் செபமாலை சொல்லிக் கொடுப்பவன் நான். பாஸ்குக் காலத்தில் நன்மை வாங்காதவன் திருச்சபைக் கட்டளையை மீறியவன். அவனுக்குப் பின்னால் யார் முழந்தாளிடுவார்கள்? சாமியார் மறுபடி வர மூன்று மாதமாகும். அதற்குள் அந்தக் காலமும் முடிந்துவிடும். பூசையில் எண்ணிப் பார்த்தேன்: இருபத்தைந்து பேர் எழுந்து போனார்கள். திரும்பி வந்த என் மனைவி என்னைப் பார்க்கவில்லை.

பூசை முடிந்தால் சாமியாருக்குக் காலைப் பசியாறல் எங்கள் வீட்டில். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை, விடவும் கூடாது; அது ரகசியம். எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். என் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"சாமி, அதை இங்கேயும் பேசலாம். குழியைச் சுத்தி நின்ன நாப்பத்தோரு பேருக்கும் தெரிஞ்சதுதானே."

"சரி, நீயே சொல்லிட்டே. பேசு."

அப்போது டிரெசரின் மனைவி வந்தார். ஊருக்குப் புறப்படுகிறவர், தம் நான்கு கோழிகளை என் மனைவியிடம் விட வந்திருந்தார். சமையலறையில் என் மனைவி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கையில் கோழியோடு நேராகச் சாமியார் முன்னால் வந்து நின்றார்.

"இவர் என்ன பிழை வாசிச்சவர், சுவாமி?"

"வாசிச்சதுல பிழை இல்லம்மா. உங்க பாதிரியார் நிக்க வேண்டிய இடத்துல இவன் நின்னுட்டான்."

"பாதிரியார் வரேல்லையே. குழிக்குள்ள தண்ணி ஏறிக்கொண்டு நிண்டது."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "மறுபடி செய்வியா?"

நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாளே பதில் சொல்லிவிட்டார்.

"மறுபடி எப்படி சுவாமி? எனக்கு ஒரு புருஷன்தான் இருந்தவர்."

சாமியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாதிரியார் வந்திருந்தா வாய் திறந்திருப்பியா?"

"மாட்டேன் சாமி."

"இப்படி ஒரு நிலைமை வந்ததுக்கு வருத்தப்படறியா?"

"தினமும் சாமி."

அவர் என் கோப்பியைப் பார்த்தார். "குடிச்சியா?"

"இல்ல சாமி. நேத்து ராத்திரி பன்னெண்டு மணியிலேர்ந்து தண்ணிகூட இல்ல." நன்மை கிடையாது என்று தெரிந்த பிறகும், நன்மை வாங்குமுன் இருக்க வேண்டிய விரதத்தை நான் விடவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

"எழுந்திரு."

கொட்டகைக்குத் திரும்பினோம். பாவப்பொறுத்தல் கொடுத்தார். அபராதமாக, டிரெசருடைய ஆன்மாவுக்கு ஒரு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லச் சொன்னார். செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று ஆறு வருஷம் அடித்துப் பேசிய மனிதருக்கு! அவர் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத் தர்க்கம் நிச்சயம்.

பிறகு, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காக எடுத்து வைத்திருந்த சிறிய சிமிழைத் திறந்து எனக்கு நன்மை கொடுத்தார். தலை குனிந்திருக்க வேண்டிய நேரம். என் கண் சிமிழுக்குள் போய்விட்டது. எனக்குக் கொடுத்தது போக இன்னும் மூன்று அப்பம் இருந்தன. அப்படியானால் பூசையில் அவர் எடுத்து வைத்தது நான்கு.

நன்மை கேட்ட நோயாளிகள் மூன்றே பேர் என்று அன்று காலை, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன், அவரிடம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.