கனகரத்தினம் கால் வைத்த கடல்

“நான் கால் வைச்ச தறையில புல்லு நிக்காது.”

பெரியமடுத் தேநீர்க் கடையில் கனகரத்தினம் இதைச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. மறுத்தவரை வயலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வரம்பு வரம்பாகக் காட்டுவார். அவருடைய வயலில் கோரை முளைப்பதென்றால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் முளைக்கும் என்று அயல் கமக்காரர் நம்பினார்கள். கோரையும் நம்பியிருக்க வேண்டும்.

சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதாமற்போன ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் இந்த மனிதர் கடற்கரை ஊரான பள்ளிமுனைக்கு, மகள் நிறஞ்சலாவின் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நிறஞ்சலாவின் உத்தியோகம் கடலுக்கடியில் புல் நடுவது.

“புல்லு நடுறதுக்கோ சம்பளம் தாறாங்கள்?”

“ஓம் அப்பா. கடற்பசு அதைத்தான் தின்னும். மீன்குஞ்சு, இறால் எல்லாம் அதுக்குள்ளதான் வளரும்.”

கனகரத்தினம் அன்று சோற்றை வழமையைவிட மெதுவாகச் சாப்பிட்டார்.

விசயம் இதுதான். வலைகள் உழுது மொட்டையாக்கிய ஒரு துண்டுக் கடலில் நிறஞ்சலா புல் நட்டிருந்தாள். மீனவர் சங்கமும் பெரிய மனது பண்ணி அங்கே வலை இழுப்பதை நிறுத்தி வைத்திருந்தது. வாடைக்காற்று தொடங்குமுன் சங்கத்தார் வந்து பார்ப்பார்கள். புல் நின்றால் இடம் புல்லுக்கு, நில்லாவிட்டால் வலைக்கு. நிறஞ்சலா இரண்டு வருடமாக வீடு வீடாய்ப் போய்க் கெஞ்சி வாங்கிய வாக்கு அது.

எஞ்சின் விசிறி புல்லை அறுத்துவிடும் என்பதால் அங்கே பாய்வள்ளத்தில்தான் போகவேண்டும். வள்ளம் எருக்கலம்பிட்டி சரிபுதீனுடையது. தகப்பனை வீட்டில் சும்மா இருத்திவைத்தால் முற்றத்து அறுகம்புல்லும் மிஞ்சாது என்று கண்ட நிறஞ்சலா, அவரையும் உதவிக்குக் கூட்டிப்போனாள்.

முதல் நாள் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது. கனகரத்தினம் புத்தியாகத் தாழ்ந்த பக்கத்தில் போய் இருந்தார்.

“ஐயா, காத்து வாற பக்கம் இருங்கோ,” என்றார் சரிபுதீன்.

“அது மேல எழும்பிக்கொண்டெல்லோ நிக்குது!”

“நீங்கள் இருந்தால்தான் அது இறங்கும்.”

வள்ளம் திரும்பியபோது பாயைத் தாங்கிய மூங்கில் அவர் தலையில் தட்டியது. “ஹோ! நில்லு!” என்று எருதை அதட்டுவதுபோல அதட்டினார். மூங்கில் மறுபடி தட்டியது. அதன்பின் காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார்.

“பரவாயில்லை ஐயா, அதுவும் மீன் வளர்ப்புத்தான்,” என்று சரிபுதீன் ஆறுதல் சொன்னார்.

மானம் போன இடத்தில் கொஞ்சமாவது மீட்கவேண்டும். கனகரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு, தான் கால் வைத்த தறையில் புல்லு நிற்காத வரலாற்றைச் சரிபுதீனுக்கு எடுத்துச் சொன்னார்.

பிறகொரு நாள் நிறஞ்சலா, பள்ளிக்கூடமொன்றில் கடற்பசுவைப் பற்றிப் பேசப் போயிருந்தாள். புல்லில் சிக்கிய நைலோன் வலைத்துண்டுகளை எடுப்பதே கனகரத்தினத்துக்கு அன்று விதித்த வேலை. சரிபுதீன் வள்ளத்தில் இருக்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். ஓரத்தில் அகன்ற இலையோடு கொழுத்து நின்றது ஒரு புல். நடுவில் நூல்போல மெலிந்து நின்றது இன்னொன்று. கொழுத்தது பயிர், மெலிந்தது கோரை என்று ஒரே பார்வையில் தீர்ப்பளித்தார். மூச்சைப் பிடித்துக் குனிந்து குனிந்து, பின்னேரத்துக்குள் தீர்ப்பை நிறைவேற்றியும் முடித்தார். பிடுங்கியதை முடிச்சு முடிச்சாகக் கட்டி வள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் அடுக்கினார்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக் கரையில் நின்ற நிறஞ்சலா முடிச்சுகளைப் பார்த்தாள்.

“அப்பா… இதுதான் நான் நட்டது.”



“கமக்காரன், தெரிஞ்சுதான் செய்வார் எண்டு நான் பேசாமல் இருந்தனான்,” என்றார் சரிபுதீன்.

“நீர் கடல்காரன், பிழையெண்டால் சொல்லுவீர் எண்டு நானும் பேசாமல் இருந்தனான்,” என்றார் கனகரத்தினம்.

நிறஞ்சலா கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வேர்கூட அறுந்திருக்கவில்லை. அறுந்த களை திரும்ப எழும்பும் என்பதால் எதையும் அடிவேரோடு கிளப்புவதே அவருடைய தொழிற்பெருமை.

“திரும்ப நடலாம் அப்பா. ஆனால் பிடிக்குமோ தெரியாது.”

“விடிய வாறன் பிள்ளை,” என்றார் அவர்.

அதன்பின் சோளகம் முடியும்வரை காலையில் வள்ளத்தில் சத்தியெடுப்பதும், பிறகு இறங்கி நடுவதும், ஒதுங்கிய வலைத்துண்டுகளைப் பொறுக்குவதுமாகவே அவருடைய நாட்கள் போயின. பெரியமடுவிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால், “கடலில ஒரு சின்ன அலுவல்,” என்பார்.

சங்கத்தார் வந்த அன்று, இரவடித்த காற்று கடலைக் கலக்கிவிட்டிருந்தது. வள்ளத்திலிருந்து பார்த்தால் சேற்றுத் தண்ணீர் மட்டுந்தான்.

“எங்க மிஸ் புல்லு? அப்பா மேஞ்சிட்டாரோ?” என்றார் சங்கத் தலைவர். முடிச்சுக் கதை எருக்கலம்பிட்டி வரை போயிருந்தது.

கனகரத்தினம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

தண்ணீருக்குள் அசையாமல் நின்றார். வள்ளத்திலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். மெல்ல மெல்லச் சேறு படிந்தது. முதலில் அவருடைய முழங்கால் தெரிந்தது, பிறகு பாதம். பாதத்தைச் சுற்றி, விரல் இடுக்குகளிலும்கூட, மெலிந்த பச்சைப் புல் நின்றாடியது.

தலைவர் நெடுநேரம் பார்த்தார். “சரி, இந்தப் பக்கம் வலை வராது,” என்றார்.

சரிபுதீன் கனகரத்தினத்தின் கால்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல வாயைத் திறந்தார்.

“கதையாமல் பாயைப் பிடியும்,” என்றார் கனகரத்தினம், காலைத் தூக்காமல்.