மேற்குச் சன்னலும் கடல் தொட்டியும்

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் என் மனைவி தமிழுக்கு மாறிவிடுவாள். நியாயம் பக்கத்து வீட்டுக்கும் புரிய வேண்டுமாம். அந்த வைகாசியில் தெருவே கேட்கும்படி அவள் தமிழில் சொன்னது இதுதான்: "இன்னொரு உசுரு இந்தத் தொட்டில செத்துச்சுன்னா, தொட்டியத் தூக்கி வாசல்ல வச்சு, மண்ணக் கொட்டி மொளகா நாத்து நட்டுருவேன். சொல்லிட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. முந்தின கோடையில் இரண்டு கோமாளி மீன்களைக் கொன்றவன் நான். அருப்புக்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கிறவன் கடலை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டால் என்ன ஆகும்? கடல் வெந்துபோகும். அப்படித்தான் ஆனது. ஆனாலும் ஆசை விட்டால்தானே!

இந்த முறை மீன் வேண்டாம், பவளம் என்று முடிவு செய்தேன். தூத்துக்குடியில் கடல் மீன் வளர்த்து விற்கும் ஒருவரிடம் மென்பவளம் இருந்தது. கடலில் பறித்ததல்ல, தொட்டியிலேயே வெட்டி வெட்டிப் பெருக்கியது. உள்ளங்கை அளவு கல், அதன்மேல் நெருக்கமாகச் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பூக்கள், ஓரமெல்லாம் ஆரஞ்சு நிற மயிர். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பந்தல்குடி தாண்டியதும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, ஊசி மருந்தா?" என்றார். "கடலு" என்றேன். அதற்குப் பிறகு இறங்கும்வரை அவர் என் பக்கம் வரவில்லை.

பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் விழுந்தால் அது சமைத்துப் போடும், பவளம் சாப்பிடும். தண்ணீர் சூடானால் பாசி வீட்டைக் காலி செய்துவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். அந்த வெளிச்சத்துக்காக விளக்கை நானே செய்தேன். அலுமினியத் தகட்டில் நீல எல்.இ.டி.க்களை வரிசையாகப் பற்றவைத்து, நடுவில் கொஞ்சம் வெள்ளை. போட்டதும் அறை மொத்தமும் நீலமாகிவிட்டது. "மினி பஸ்ஸுக்குள்ள இருக்க மாதிரி இருக்கு, பாட்டு மட்டுந்தான் இல்ல" என்றாள் மனைவி.

சூட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு ஃபேன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வீசும். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியில் சிவப்பு எண் காட்டுகிற சின்னக் கருவி இருக்குமே, அதில் ஒன்று வாங்கி மாட்டினேன். தண்ணீர் இருபத்தேழு டிகிரியைத் தாண்டினால் ஃபேன் தானாக ஓடும்.

தொட்டியை வைத்தது தறி அறையில். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். மனைவி கைத்தறி நெய்கிறவள். பருத்தி நூல் காய்ந்தால் அறும், ஈரம் பட்டால் அடங்கும். அதனால் எங்களைப் போன்ற வீடுகளில் வெயில் ஏற ஏற சன்னலை மூடி, ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். வெக்கை என்றால் தண்ணீர் தெளி. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

சிவப்பு எண் இருபத்தொன்பது காட்டியது. தண்ணீர் தெளித்தேன். முப்பது. இன்னொரு சன்னலுக்கும் ஈரச்சாக்கு போட்டேன். முப்பத்தொன்று! ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, எண் இறங்கவே இல்லை. பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பச்சை போய்ப் பழைய சோற்றின் நிறம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவியோ அந்த வாரம் முழுக்க ஒரே சந்தோஷம். "பாவுல ஒரு இழைகூட அறலைங்க. இப்படியே நெதமும் தண்ணி தெளிங்க" என்றாள். நான் அடுத்த வாளியை எடுக்கப் போனேன்.

சனிக்கிழமை அவள் மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்துக்குப் போனாள். மதியம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். தறி அறைக்குள் நுழைந்தேன். சாக்குக் கயிறு அறுந்து கீழே கிடந்தது. சன்னல் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. கரிசல் காட்டிலிருந்து மேல்காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் நேராகத் தொட்டியின்மேல் வீசியது. தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. முடிந்தது கதை, மிளகாய் நாற்றுதான் என்று நினைத்துக்கொண்டே எண்ணைப் பார்த்தேன்.

இருபத்தெட்டு.

கருவி கெட்டுவிட்டது என்று தண்ணீரில் விரலை விட்டேன். குளிர்ந்தது! நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபத்தேழு புள்ளி ஒன்பது. புள்ளி எட்டு. சோற்றை மறந்துவிட்டேன். தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குப் போட்டிருந்த கோட்டைப் பார்த்தால், தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அத்தனை நாளும் தண்ணீர் அந்தக் கோட்டிலிருந்து அசையவே இல்லை. அதை நல்லது என்று நினைத்திருந்தேன், மடையன்!

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்து ஆவியாகிறது, குளிர்கிறது. என் தொட்டியும் அப்படித்தான் குளிர வேண்டும். ஈரமான அறையில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? நான் தெளித்த ஒவ்வொரு வாளியும் பவளத்தின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

உடனே தூத்துக்குடிக்காரருக்குப் போன் போட்டேன். "சன்னலத் தொறந்தா எறங்குது!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. "சும்மா இருங்க. இங்க ஃபேனு போட்டு ஒரு டிகிரி எறங்குனாலே பெருசு. கடக்கரைக் காத்து ஈரமுல்லா. அதான நான் தண்ணியக் குளுர வைக்கிற சில்லரு மிஷினு வச்சிருக்கேன்" என்றார். "எங்க ஊருக் காத்து காஞ்ச காத்து!" என்றேன். அந்தக் காற்றைப் பெருமையாகப் பேசியது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

சாயங்காலம் மனைவி வந்து தறியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் ஐந்து இழை அறுந்தது. தமிழ் ஆரம்பமானது. "எனக்கு ஈரம் வேணும், உங்களுக்குக் காத்து வேணும். ஒரு ரூம்ல ரெண்டும் நடக்காது. தூக்குங்க வெளிய!"

வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து, இருவருமாகத் தொட்டியைத் தறி அறைக்கு எதிரே உள்ள பட்டாசாலைக்கு, அதாவது கூடத்துக்குத் தூக்கினோம். சித்திரையிலிருந்து ஆடி வரை எந்த வீட்டிலும் திறக்காத மேற்குச் சன்னல் அங்கே இருந்தது. வெளியே வேம்பு நிற்பதால் வெயில் விழாது, காற்று மட்டும் வரும். அதைத் திறந்து வைத்தேன். "மீனுக்கு வெக்கக் காத்து வாங்குறாக" என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் ஆவியாகிப்போகும் தண்ணீருக்கு ஈடாகக் கேன் தண்ணீர் ஊற்றினேன். உப்பு ஆவியாகாதே, அதனால் உப்பில்லாத தண்ணீர்.

வெளுத்த பவளத்துக்குத் திடீர் வெளிச்சம் ஆகாது. விளக்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, பாதியாக மங்க வைத்தேன். விளக்குச் சூடும் மதிய வெக்கையும் சேரக்கூடாது என்று டைமரையும் மாற்றினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எரியும், பகல் ஒரு மணிக்கு அணையும். எல்லாம் செய்தேன். பூக்கள் திறக்கவில்லை. ஆறரைக்கு எழுந்து முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பேன். மூடியே கிடக்கும். பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள் ஓரத்தில் மூன்று விரிந்தன! நான் போட்ட சத்தத்துக்கு மனைவி தறியில் இருந்தபடியே, "காபி ஆறுது" என்றாள். அந்த மாதத்திலேயே எல்லாம் விரிந்துவிட்டன. பச்சையும் திரும்பியது.

ஆடி பிறந்து ஒரு நாள் காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். "ஒடனே வீட்டுக்கு வாங்க." வைத்துவிட்டாள். பாதி திறந்த ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கையில் தறி நாடாவோடு தொட்டி முன்னால் நின்றிருந்தாள். "இந்த மூலையப் பாருங்க" என்றாள். எனக்கு எதுவும் செத்ததாகத் தெரியவில்லை. "என்ன?" என்றேன்.

"பதினேழு இருந்துச்சு. இன்னைக்குப் பதினெட்டு."

கல்லின் ஓரத்தில், கடுகளவில் ஒரு பச்சை மொட்டு. புதிது! அந்தத் தண்ணீரின் சூட்டைப் புள்ளிக் கணக்கில் சொல்லுவேன். பூ எத்தனை என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தறில உக்காந்தா கதவு வழியா நேரா இதுதான தெரியுது. அஞ்சு மணிக்கு வெளக்கு எரியும், ஒவ்வொண்ணா விரியும். நீங்க தூங்கிக்கிட்டு இருப்பீக" என்றாள். பிறகு தறிக்குத் திரும்பிப் போய்க்கொண்டே சொன்னாள்: "மூடிக் கெடந்தப்பவும் நெதம் எண்ணுனேன். ஒண்ணும் கொறையல. அதான் மொளகா நாத்து வாங்கல."