இருபது மைலுக்குள்

ரப்பர் விலை விழுந்து, தோட்டத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நான் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினேன். குருபோங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த ஒரு துரையுடையது. இரண்டு சிலிண்டர், இடப்பக்கம் படகு மாதிரி ஒரு சைட்கார். சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. காஜா பெராங்கில் குடியிருந்து, ஒன்றரை மைலில் இருக்கும் கோர்ட்டுக்குப் போய்வரும் ஒரு துபாஷிக்கு அது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. பார்த்தேன், பிடித்தது, வாங்கிவிட்டேன்.

அதை மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். ஊருக்குள்ளும், கடலோரச் சடக்கில் கிளேபாங் தாண்டும் வரையிலும் மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். இருபதில் அந்த வண்டி இருமும், குலுங்கும், காலுக்கடியில் அனலாய்க் கொதிக்கும். முப்பத்தைந்தைத் தாண்டினால்தான் அதற்கு மூச்சு சீராகும். நான் கைப்பிடியை எந்நேரமும் அடக்கிப் பிடித்திருக்க வேண்டும். வீடு வந்து சேரும்போது மணிக்கட்டு வலிக்கும்.

ஆனாலும் அடக்கித்தான் ஓட்டினேன். என் வேலை அப்படி. வாரத்தில் இரண்டு நாளாவது லோரி டிரைவர்கள் கூண்டில் வந்து நிற்பார்கள். மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்பேன்: "வரம்புக்கு மேல வேகமா ஓட்டினது உண்மையா?" கேட்கிற வாயே ஒரு நாள் அந்தக் கூண்டில் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அரசாங்க வேலை. போனால் திரும்பி வராது.

என் மனைவி பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சைட்காரில் உட்கார்ந்து போவது அவளுக்கு அவ்வளவு இஷ்டம். "உங்க வண்டி சிங்கம் மாதிரி இருக்கு, நடக்கிறது மட்டும் ஆமை மாதிரி," என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் புக்கிட் ரம்பாயில் அவள் சித்தப்பா வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிளேபாங்கில் சடக்கு நேராக ஓடுகிறது. ஒரு பக்கம் தென்னை, தென்னைக்குப் பின்னால் கடல். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு யாரும் இல்லை. அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை இறுக்கிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவைங்க. எப்படித்தான் ஓடுதுன்னு பார்ப்போமே."

"பலகை இருக்கு."

"பலகைக்குக் கண்ணா இருக்கு?"

கையைத் திருப்பினேன். அதுவரை அந்த வண்டிக்கு நான் செய்த கொடுமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. குலுக்கல் நின்றது. சத்தமே மாறிவிட்டது. முள் நாற்பதைத் தாண்டி ஐம்பதைத் தொடப் போனது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம்," என்றாள். கொடுத்தேன்.

முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு மீன் கூடை கட்டியிருந்தது. கடந்துவிடலாம் என்று வலப்பக்கம் ஒதுங்கினேன். அந்த மனிதர் பள்ளம் ஒன்றில் இறங்காமலிருக்க ஒரு முழம், வெறும் ஒரு முழம், உள்ளே வந்தார். இருபது மைலில் வந்திருந்தால் நான் நின்றிருப்பேன். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. சைட்காரின் மூக்கு அவர் காலில் மோதியது. என் மனைவி இருந்த பக்கம். அவள் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் அவர் விழுந்தார்.

வண்டியை நிறுத்தி ஓடிப் போய்ப் பார்த்தபோதுதான் ஆளைத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் கம்பத்துக்காரர், அடுத்த குடியிருப்பு, எங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு வீடு தள்ளி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிச் சமூகத்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். நில அளவை அலுவலகத்தில் சங்கிலி பிடிக்கும் வேலை. தினமும் காடு மேடெல்லாம் நடந்து நிலம் அளக்கிறவர். நான் அவரை 'அபாங்' என்பேன், அண்ணன் என்ற அர்த்தத்தில். அவர் என்னைத் 'தம்பி' என்பார். அவரிடம் தங்கியிருந்த கொஞ்சம் தமிழில் அதுவும் ஒன்று.

மலாய்க்காரக் குடும்பம் ஒன்று வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தது. அதில் கிடத்தி, வந்த லோரி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் சார்ஜென்ட் அவர் கட்டிலருகே போய் எழுதிக்கொண்டபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் மலாயில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "சாயா பூன்யா சாலா. என் தப்புதான். பள்ளத்தைப் பார்த்து நடுவுல வந்துட்டேன். அவர் மெதுவாத்தான் வந்தார்."

அடி பட்ட வேகத்தில் அவருக்கு நினைவு குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

சில வாரங்களில் விசாரணை வந்தது. அவர் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து அதையே சொன்னார். அவர் பேச்சை மலாய்த் துபாஷி ஆங்கிலத்தில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார், ஒரு சொல் பிசகவில்லை. பிறகு மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டார். என்னிடம் கேட்பதற்கு இடையில் ஆள் தேவையில்லை. நானே ஆங்கிலத்தில் சொன்னேன்: இருபது.

வழக்கு அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவருகே நின்றாள். "சொன்னீங்களா?" என்றாள்.

"அவரே சொல்லிட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. 'இன்னும் கொஞ்சம்' என்று சொன்னவள் அவள். கையைத் திருப்பியவன் நான். இரண்டில் எதைப் பேசத் தொடங்கினாலும் மற்றதில் போய் முடியும். ஆகவே பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரிசி, மழை, துணி, உறவினர் வருகை, எல்லாம் பேசினோம். சிரித்ததாக எனக்கு நினைவில்லை. வாரம் ஒரு நாள் ஏதாவது சமைத்து மூடி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வருவாள். நானும் பண்டிகை நாட்களில் போவேன். அபாங் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மாரி, தம்பி, மாரி," வா, தம்பி, வா, என்று கூப்பிடுவார். அவர் மனைவி பலகாரம் செய்து கூடையில் வைத்து பசாரில் விற்க எடுத்துப் போகத் தொடங்கியிருந்தார்.

மோட்டாரை நான் விற்கவில்லை. விற்றால் ஏன் என்று கேட்பார்கள். இருபதுக்குள் ஓட்டினேன். பதினைந்தில், சில நாள் பன்னிரண்டில். சைக்கிள்கள் என்னைக் கடந்து போயின. வண்டி கெட்டுக்கொண்டே வந்தது; பிளக்கில் கரி அடைக்கும், நடுச் சடக்கில் நிற்கும். வண்டி பழுது பார்க்கும் சீனர் ஒரு நாள் பொறுமை இழந்துவிட்டார். "இனி மோட்டார் புக்கான் லெம்பு!" என்று கத்தினார். இது மோட்டார், மாடில்லை. "ஒரு நாளாவது நல்லா ஓட விடு. இல்லேன்னா செத்துப்போகும்." சாகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்தது. விபத்து ஒன்றைப் பார்த்தபிறகு மனிதர் எவ்வளவு நிதானமாகிவிட்டார் என்றார்கள். தப்பே செய்யாமல் இவ்வளவு நிதானம் என்றார்கள்.

ஒரு நாள் கோர்ட்டில் ஒரு தமிழ் டிரைவர் நின்றான். டூரியான் பழம் ஏற்றிய லோரியை ஊருக்குள் முப்பதில் விட்டிருந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாஜிஸ்திரேட் அபராதத்தைச் சொல்லிவிட்டு, அதோடு விடாமல், பேனாவால் என்னைச் சுட்டிக்காட்டி நாலு வார்த்தை சேர்த்தார். சொன்னதை ஒன்று விடாமல் சொல்வது என் கடமை. சொன்னேன்:

"இங்கே நிற்கிற துபாஷியிடம் உன் லோரியைவிட வேகமாகப் போகக்கூடிய மோட்டார் இருக்கிறது. அவர் ஒரு நாளும் வரம்பை மீறியதில்லை. அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று கனம் கோர்ட்டார் சொல்கிறார்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களையா சார்?" என்றான். ஏளனமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"ஆமாம்," என்றேன்.

"சரி சார். கத்துக்கிறேன்."

அவன் என்ன சொன்னான் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்று வேலை முடிந்ததும் மோட்டாரைக் கோர்ட்டு வளாகத்திலேயே விட்டுவிட்டு நடந்தேன். எங்கள் வீட்டுக்குப் போகாமல் அபாங் வீட்டுக்குப் போனேன். விபத்து நடந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் வாசலில் தனியாக இருந்தார். அவர் மனைவி பசாருக்குப் போயிருந்தார். வழக்கம்போல முகம் மலர்ந்தது. நான் உட்காரவில்லை.

"அபாங், அன்னிக்கு நான் மெதுவா வரலை," என்றேன். மலாயில் சொன்னேன். அவர் சொன்னதையும் தமிழிலேயே எழுதுகிறேன். மாற்றிச் சொல்வது என் தொழில்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது.

"தெரியும்," என்றார். "தினமும் காலையில உன் மோட்டார் எங்க வாசல் வழியாத்தானே போகும். அதோட சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு முதுகுக்குப் பின்னால வந்தது வேற சத்தம்."

"அப்புறம் ஏன் கோர்ட்டில..."

"உனக்கு வேலை போயிடும்னுதான் அப்படிச் சொன்னேன். சின்ன வயசு. புதுசாக் கல்யாணம் ஆனவன். எனக்கு எப்படியும் கால் வரப் போறதில்ல. கோர்ட்டுக்கு எழுத ஏதோ ஒண்ணு வேணும், குடுத்தேன்." கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா எங்கிட்ட வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். மறுநாள் வருவேன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்புறம் வருவேன்னு நினைச்சேன். முதல் வருஷம் பூரா நினைச்சேன், தம்பி. அதுக்கப்புறம் விட்டுட்டேன்."

நான் மாஜிஸ்திரேட்டிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். காலில் விழவும் போனேன். அவர் கட்டையை நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம். இப்ப போய்ச் சொன்னா நானும் பொய் சொன்னவனா நிற்கணும். ஒண்ணு மட்டும் செய். இனிமே நீ இங்க வராதே. உன் மனைவி வரட்டும், அது பாவம். நீ வராதே. நீ வரும்போதெல்லாம் நான் சிரிக்க வேண்டியிருக்கு. எனக்கு முடியலை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அவர் உங்களுக்காகக் காத்திருந்தார்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்க பண்டிகைக்குப் போனப்போ எல்லாம் சொல்லிட்டு வருவீங்கன்னு நானும் காத்திருந்தேன்."

அதற்குப் பிறகும் அதே வீட்டில்தான் இருந்தோம். கோர்ட்டுக்குச் சுற்றுவழியில் போனேன். அப்படி மூன்று வருஷம். ஒரு மழைக்காலத்தில் அபாங் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. அவரைக் கொண்டுபோன அன்று நான் சடக்கின் எதிர்ப்பக்கம் குடையோடு நின்றேன். என் மனைவி உள்ளே இருந்தாள்.

பதினாறாம் நாள் கழிந்து, அவர் மனைவி வெள்ளைக் கெபாயாச் சட்டை உடுத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அபாங் அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. நில அளவை அலுவலகத்துக்கு உதவி கேட்டு ஒரு மனு எழுத வேண்டும், ஆங்கிலம் தெரிந்தவர் நீங்கள்தான் என்றார். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். எத்தனை வருஷம் வேலை, எந்தெந்தக் காட்டில், எந்தத் துரையின் கீழ். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கால் எப்படிப் போனது என்று எழுத வேண்டிய இடம் வந்தது. என் பேனா நின்றது.

"கோர்ட்டில் என்ன எழுதியிருக்கோ அதையே எழுதுங்க," என்றார். "மாத்தி எழுதினா மனுவைத் தள்ளிடுவாங்கன்னு சொல்றாங்க."

அது உண்மைதான். தள்ளிவிடுவார்கள். என் மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் என் கணவர் கால் இழந்தார் என்று எழுதினேன். கீழே அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார். மை உலரும்வரை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.