பலகையில் அடித்த எட்டணா

திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் எனக்குச் சின்ன ஜவுளிக்கடை. கள்ளக்காசு வந்தால் கல்லாப் பலகையில் வைத்து, சுற்றிலும் ஆணியடித்து, ஊர் பார்க்க விடுவது எங்கள் தெரு வழக்கம்.

போன மாதம் மாமல்லபுரம் குப்பத்துக் கருவாட்டுக்காரி முனியம்மா, மகளுக்குப் பாவாடை எடுத்துவிட்டு எட்டணா நீட்டினாள். ராஜா தலை ஓரமாய் ஒதுங்கி, காசில் பாதி மொட்டையாய் இருந்தது. தட்டிக்கூடப் பார்க்காமல், 'கள்ளக்காசு' என்று கத்திப் பலகையில் அடித்துவிட்டேன். பாவாடையை வைத்துவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பக்கத்துக்கடை நகை ஆசாரி அதைப் பெயர்த்தெடுத்து, வேறொரு எட்டணாவோடு தராசில் வைத்தார். தட்டு சமமாய் நின்றது. கல்லில் போட்டார், ஓசையும் ஒன்றுதான்.

"நல்ல காசு பாய். அச்சு வெலகி வுழுந்துகீது, அவ்ளோதான்."

காசையும் பாவாடையையும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு ஓடினேன். முனியம்மா கை நீட்டவில்லை.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற பாய்? 'அம்மா திருடியா'ன்னு கொயந்த கேட்டுகினே கீது. அதாண்ட சொல்லு."

குழந்தை முன் மணலில் உட்கார்ந்து, காசை அவள் கையில் வைத்தேன். "உங்கம்மா குடுத்தது நல்ல காசும்மா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

சிறுமி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே காசை என் கையில் வைத்துவிட்டுப் பாவாடையை வாங்கிக்கொண்டாள்.

இப்போது சந்தேகமான காசு வந்தால் முதலில் ஆசாரியின் தராசில் வைக்கிறேன்; பிறகுதான் வாயைத் திறக்கிறேன். அந்த எட்டணாவை மட்டும் யாருக்கும் சில்லறையாகக் கொடுக்க மனம் வரவில்லை.