டீசல் கட்சிக்காரனின் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று பெட்ரோல் கட்சி, இன்னொன்று டீசல் கட்சி. தேர்தல் நேரத்தில்கூட அங்கே இத்தனை சூடாக யாரும் பேசிக்கொள்வதில்லை. பழைய கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவர் தட்டில் சாம்பார் சாதம் ஆறிக் கட்டியாகும்வரை விடமாட்டார்கள். நான் டீசல் கட்சி. வெறும் உறுப்பினர் இல்லை, கொள்கை பரப்புச் செயலாளர் என்றே சொல்லலாம். இத்தனைக்கும் அப்போது என்னிடம் இருந்தது ஒரு பைக் மட்டும்தான். அது பெட்ரோலில் ஓடியது.

இந்தப் பதவி என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் என் வேலை. டீசல் எஞ்சினுக்குள் போகிற, சுண்டுவிரல் அளவே உள்ள ஓர் உருளையை எங்கள் தொழிற்சாலையில் செய்கிறோம். அதன் விட்டம் சரியாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்ப்பவன் நான். ஓசூருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். அந்த உருளை எஞ்சினில் எந்த மூலையில் போய் உட்காருகிறது, உட்கார்ந்து என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நல்ல வேளையாக யாரும் கேட்டதில்லை. டீசல் பாகம் செய்கிறவனுக்கு டீசலைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். வலிய வந்த மரியாதையை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

வீட்டில் கார் பேச்சை எடுத்தவள் என் மனைவி. அவளுக்கு இந்தக் கட்சிச் சண்டையெல்லாம் கிடையாது. மாமனார் காலமான பிறகு என் மாமியார் குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். கொஞ்சம் தக்காளித் தோட்டம், இரண்டு மாடுகள். எங்களோடு ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்றால், மாட்டை யார் பார்ப்பது என்பார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ்களெல்லாம் குந்தாரப்பள்ளியில் நிற்பதில்லை. நிற்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் முடிந்துவிடும். திரும்பி வர மீதி நாள். அதனால் என் மனைவி மாதக்கணக்கில் அம்மாவைப் பார்க்காமல் இருந்தாள். போனில் பேசுவாள். போனை வைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் எடுத்துக் கழுவுவாள்.

"நீங்க எந்த வண்டி வேணா வாங்கிக்கங்க. வாரத்துக்கு ஒருக்கா எங்கம்மாவ பாத்துட்டு வந்துடணும், அவ்ளோதான்" என்றாள்.

வாரம் தவறாமல் போகலாம் என்று வாக்குக் கொடுத்தேன். அதோடு நிற்காமல், வாராவாரம் அவ்வளவு தூரம் ஓட வேண்டுமென்றால் டீசல்தான் கட்டுப்படியாகும் என்று அவளுடைய அம்மாவை வைத்தே என் கொள்கையையும் நிலைநாட்டினேன். அவள் தலையாட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக என் வாதத்தை ஒருவர் முழுதாகக் கேட்டு ஒப்புக்கொண்டார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மனதில் இருந்த காரணம் வேறு. ஓசூரில் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அந்தப் பக்கம் டீசல் விலை குறைவு, இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. திருச்சியிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டா? எல்லையில் குடியிருந்துகொண்டு டீசல் வண்டி வாங்காமல் இருப்பது கடவுள் கொடுத்ததை எட்டி உதைப்பது என்று கேன்டீனில் நான் பேசியிருக்கிறேன். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. கைதட்டியவர்களில் ஒருவரும் டீசல் வண்டி வாங்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பாகலூர் சாலையில் பழைய கார்கள் விற்கும் இடம் ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் புரோக்கரிடம் கன்னடத்திலும், வண்டியைத் துடைப்பவரிடம் தெலுங்கிலும், எங்களிடம் தமிழிலும் பேசினார். மூன்று மொழியிலும் அந்த வண்டியைப் புகழ்ந்தார் என்றே நினைக்கிறேன். தெற்கேயிருந்து வந்த எனக்கு ஒரு மொழியில்தான் ஏமாறத் தெரியும். பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே குனிந்து, முகத்தை எவ்வளவு நேரம் கடுமையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன். எங்கள் உருளை எங்காவது தெரிகிறதா என்றும் தேடினேன். தெரியவில்லை.

கடைசியாக என் திறமை அத்தனையையும் காட்டி ஒரு சோதனை செய்தேன். பின்னால் போய், புகைக்குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். விரலில் கரியே ஒட்டவில்லை. அந்த விரலைத் தூக்கி மனைவியிடம் காட்டினேன். டீசல் வண்டியில் கரி இல்லையென்றால் எஞ்சின் எவ்வளவு சுத்தம் என்று பார்த்துக்கொள் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு விஷயம் தெரிந்தவன் பேரம் பேசினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நான் வேறு ஆளாகிவிட்டேன். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருவேன், அதனால் வண்டி வாரம் முழுக்க நிழலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மனைவி கிளம்பத் தயாராவாள். நான் கிலோமீட்டர் கணக்கைப் பார்ப்பேன். அநாவசியமாக ஓட்டி அந்த எண்ணை ஏற்றிவிட்டால் நாளைக்கு விற்கும்போது யார் வாங்குவார்கள்? அடுத்த வாரம் போகலாம் என்பேன். வாங்கி முழுதாக ஒரு மாதம்கூட ஆகாத வண்டியை விற்பதைப் பற்றி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் மறுபடியும் போனில் அம்மாவோடு பேச ஆரம்பித்தாள்.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்திப்பள்ளிக்கு மட்டும் வாரம் தவறாமல் போனேன். குறைந்த விலையில் டீசல் போடத்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரமாகப் பார்த்துத்தான் எனக்கும் நேரம் கிடைக்கும். கம்பெனி பஸ்களும் லாரிகளும் பைக்குகளும் அடைத்து நிற்கிற சாலையில், முதல் கியரில், எறும்பு மாதிரி ஊர்ந்து போய், டேங்கில் குறைந்திருந்த கொஞ்சத்தை நிரப்பிக்கொண்டு, அதே மாதிரி ஊர்ந்து திரும்புவேன். டீசல் போட்டுக்கொண்டு வருவதற்கே டீசல் தீர்ந்துவிடுகிறது என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். பெண்களுக்கு மைலேஜ் கணக்குப் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லும் துணிச்சல் இல்லை.

ஒருநாள் ஜூஜூவாடி நெரிசலில் எதிர்ப்பக்கம் பெட்ரோல் கட்சித் தலைவர் தன் காரில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருப்பவர், வீடு அத்திப்பள்ளியில். விலை குறைவு என்று பெட்ரோல் போட அவர் ஓசூருக்கு வந்துகொண்டிருந்தார். நான் டீசல் போட அவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருவருமே நகர முடியவில்லை. கண்ணாடியை இறக்கிக் கை காட்டிக்கொண்டோம். பாவம், இவருக்கு எப்போது புத்தி வருமோ என்று நான் நினைத்தேன். அவர் முகத்திலும் அதே இரக்கம் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் வண்டியில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், மஞ்சள் நிறத்தில், ஒரு டப்பாவுக்குள் கடுகு போட்டு வைத்தது மாதிரி ஒரு படம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் அது முக்கியமில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். சில நாட்களில் வண்டியின் இழுவை குறைந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனார். மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் வண்டியைப் பார்த்துவிட்டு, தினமும் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். அத்திப்பள்ளி டீசல் பயணத்தைப் பெருமையோடு விவரித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். இப்போது வருகிற டீசல் வண்டிகளில் கரிப்புகை வெளியே போகாமல் ஒரு வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓடினால்தான் சூடேறி அந்தக் கரி எரிந்து போகும். ஊருக்குள் ஊர்ந்துகொண்டே இருந்தால் கரி சேர்ந்து அடைத்துவிடும். அன்றைக்குப் புகைக்குழாயில் என் விரலில் ஒட்டாத கரி இத்தனை நாளும் எங்கே இருந்தது என்று எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கும் புரிந்தது. அவள் என் விரலைத்தான் பார்த்தாள்.

"வாரம் ஒருவாட்டியாவது ஹைவேல ஓட்டணும் சார். அந்தப் பக்கமா போற மாதிரி உங்களுக்கு எங்கயும் வேலை இல்லீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "இருக்குதுங்க" என்றாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் சூளகிரி தாண்டி, மேலுமலை இறக்கத்தில் வண்டி சீறிக்கொண்டு போகும்போது கரி எரிகிறது, கரி எரிகிறது என்று நான் சந்தோஷப்படுவேன். பக்கத்தில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுப்பாள். கல்யாணமான புதிதில் கேட்டதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை. உண்மையான காரணத்தைப் பற்றி நான் கேன்டீனில் மூச்சுவிடவில்லை. வாராவாரம் மாமியாரைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகனா என்று பேர் கிடைத்தது. அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் மாமியார் அதுவரை என்னோடு நேராகப் பேசியவர் இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் களி வேண்டுமா கேள் என்று மகளிடம்தான் சொல்வார். முதல் ஞாயிறு எங்களைப் பார்த்ததும் பயந்துபோனார். மறு ஞாயிறும் போனபோது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது தகராறா என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அந்தச் சந்தேகத்தைப் போக்குவதற்காக நானே வடிகட்டி விஷயத்தை விளக்கினேன். பெட்ரோல் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பதையும், ஆனாலும் டீசலே ஏன் சிறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஊரில் அவ்வளவு நேரம் அமைதியாக என் பேச்சைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

அந்த வாரத்திலிருந்து வாசலில் வண்டி நின்றதும் நேராக என்னிடமே வருவார். "வண்டிக்கு இப்ப எப்பிடி இருக்குதுங்க மாப்ள?" என்று நோயாளியை விசாரிப்பது போலக் கேட்பார். இந்த வாரம் பரவாயில்லை, விளக்கு ஒருமுறைதான் எரிந்தது என்று நானும் பொறுப்பாகச் சொல்வேன். மாமியாருக்கும் எஞ்சின்மேல் ஆர்வம் வந்துவிட்டது, எல்லாம் நான் எடுத்துச் சொன்ன விதம் என்று திரும்பி வரும்போது மனைவியிடம் சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து சர்வீஸுக்கு விட்டபோது, வடிகட்டி நன்றாகச் சுத்தமாகிவிட்டது, இனிமேல் அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓட்டினாலே போதும் என்றார்கள். எனக்குத் தலை நிமிர்ந்தது. அந்த ஞாயிறு களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கிளம்புகிற நேரத்தில் இந்த நல்ல செய்தியைச் சொன்னேன். வண்டி முழுக்கச் சரியாகிவிட்டது அத்தை, இனி கவலையே இல்லை என்றேன்.

மாமியார் எங்களுக்காகப் பையில் தக்காளி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அப்ப இனிமேட்டு வாராவாரம் வர மாட்டீங்க, இல்லீங்களா மாப்ள?" என்றார்.

குறையாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். என் மனைவி மாட்டுக் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வாரமும் அவர் எதை விசாரித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்பது தெரிந்தது.

"டீசல் வண்டிய நம்பவே கூடாதுங்க அத்தை. ஒரு ஞாயித்துக்கெழம விட்டாலும் மறுபடியும் அடைச்சுக்கும்" என்றேன். டீசலைப் பழித்து நான் பேசியது அதுதான் முதல்முறை.

மாமியார் இன்னும் நாலு தக்காளியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மகளிடம் கொடுக்காமல் என் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப அந்தப் பெட்ரோலு வண்டி மட்டும் வாங்கிடாதீங்க மாப்ள" என்றார்.