சுவரில் மூன்று ஒன்பது

பெயிண்டருக்கு எழுத்தென்றால் தண்ணீர் பட்ட பாடு. எண் என்றால் மட்டும் கை உதறும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு குழாய் ரிப்பேர் கடைப் பலகையில் போன் நம்பரின் கடைசி எண்ணை மாற்றி எழுதிவிட்டார். வீட்டில் குழாய் உடைந்தவர்கள் எல்லாரும் யாரோ ஒரு தையல்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். அவள் எழுதியவரைத் தேடிப்பிடித்து, நடுத்தெருவில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தச் சண்டை கல்யாணத்தில்தான் ஓய்ந்தது. அன்றிலிருந்து எண் எழுதும் வேலை வந்தால் அவள் கீழே நின்று வாசிப்பாள், இவர் ஏணியில் நின்று எழுதுவார்.

இந்த வாரம் அந்த ஏற்பாடு படுத்துவிட்டது. மருந்துக்கடைப் பலகையில் மிஞ்சிய பச்சையை அவளைக் கேட்காமல் சமையலறைச் சுவரில் அடித்துவிட்டார். அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. வீடே அவருக்கு வெறிச்சென்று இருந்தது.

இன்று கல்லூரியின் இயற்பியல் துறைச் சுவர். இயற்கையின் மாறிலிகளை எழுத வேண்டும். மாலையில் திறப்பு விழா. வாசிக்க ஆளில்லாததால் பேராசிரியரே தாளைப் பிடித்தார்.

"பிரபஞ்சத்துல இருக்கிற தகவலுக்கு அளவே இல்லைன்னு தோணும். ஆனா அதோட அடிப்படை எண்கள் உங்க ஒரு சுவத்துல அடங்கிடும். இதெல்லாம் வேற மாதிரி இருந்திருந்தா நட்சத்திரமும் இல்ல, நாமளும் இல்ல."

"ஒரு நம்பர் மாறினா என்னெல்லாம் ஆகும்னு எனக்குத் தெரியும் சார்," என்றார் பெயிண்டர்.

கடைசி எண்ணை எழுதி முடிக்கும்போது மனைவி சாப்பாட்டோடு வந்தாள். பழக்கத்தில் தாளை வாங்கிச் சுவரோடு ஒப்பிட்டாள்.

"சார், சுவத்துல நூத்தி முப்பத்தேழு புள்ளி பூஜ்யம் மூணு ஆறுன்னு இருக்கு. தாள்ல ஆறே இல்லையே?"

பேராசிரியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்கதோஷம்மா. வாயால சொல்றப்ப நாங்க சுமாரா சொல்லிடுவோம்."

"பிரபஞ்சத்தையேவா சுமாரா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெயிண்டர் ஈரம் காயாத ஆறைத் துடைத்துவிட்டு, பிரஷ்ஷோடு காத்திருந்தார். அவள் வாசிப்பாளா, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாளா?

"அஞ்சு," என்றது கீழிருந்து அந்தக் குரல். "ஒம்போது. ஒம்போது. ஒம்போது."

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று ஒன்பதும் தெளிவாகத்தான் கேட்டன.

"சரியா கேக்கலம்மா, இன்னொரு தடவ சொல்லேன்."

"அதெல்லாம் கேட்டுச்சு உங்களுக்கு," என்றாள். சொல்லிவிட்டு, முதல் எண்ணிலிருந்து மறுபடி வாசித்தாள்.