கொளஞ்சியம்மாளின் வக்கீல்

பேச எழுந்ததும் தில்லைநாதனின் கை தானாகக் கழுத்துக்குப் போகும். வக்கீலின் வெள்ளைப் பட்டையைச் சரிசெய்கிற பழக்கம். பட்டை போய் வருடங்களாகின்றன. அந்த இடத்தில் இப்போது கட்சித் துண்டு தொங்குகிறது. மைக் பிடிக்கும் முன் அதையும் ஒருமுறை நீவிக்கொள்வார்.

சிதம்பரம் கோர்ட்டில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஓட்டை மொபெட்டில் வருவார். கறுப்புக் கோட்டு வண்டியின் முன்பையில் சுருண்டு கிடக்கும். வந்தவரிடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்ட பிறகுதான் கேஸ் கட்டைப் பிரிப்பார். குறுக்கு விசாரணையில் எல்லோரும் குரலை உயர்த்துவோம், அவர் தணிப்பார். காதில் விழவில்லையே என்று சாட்சி முன்னால் குனிவார், அங்கே மாட்டிக்கொள்வார். அதைப் பார்க்கவே சொந்த வேலையை விட்டுவிட்டு வாசலில் நிற்போம். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பெயர் வாங்கிக் கொடுத்தது கொளஞ்சியம்மாளின் வழக்கு. கடலோரத்தில் ஒன்றரைக் காணி நிலம், வேறு ஆதரவு கிடையாது. பக்கத்து இறால் பண்ணைக்காரர் வேலியை நகர்த்தி நகர்த்திப் பாதியை விழுங்கினார். மீதியில் உப்புத் தண்ணீர் ஏறியது. தில்லைநாதன் பைசா வாங்காமல் வழக்குப் போட்டார். கோட்டோடு அந்தச் சேற்றில் இறங்கி நின்றார். அந்தப் படம் பேப்பரில் வந்தது, பிறகு போஸ்டரில் வந்தது, பிறகு அவரே மேடைக்கு வந்துவிட்டார். இன்று மாவட்டத் தலைவர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அலுவலகம். பண்ணைக்காரரும் போன வருடம் அதே கட்சியில் சேர்ந்து, மேடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காருகிறார்.

வழக்கு மட்டும் சிதம்பரத்திலேயே கிடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. இனியும் வக்கீல் வராவிட்டால் தள்ளுபடி என்று நீதிபதி சொல்லிவிட்டார். நான் நடத்தத் தயார். ஆனால் என் வக்காலத்துப் பத்திரத்தில் பழைய வக்கீல் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் மனுப் போட்டு அனுமதி வாங்குவதற்குள் தேதி ஓடிவிடும். அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு நேற்று கடலூர் போனேன்.

தில்லைநாதன் எழுந்து வந்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பாடு கெடக்கட்டும் தம்பி. ஒனக்கு வேல ஜாஸ்தி, தெரியுது. இவருக்காச்சும் எழுதிக் குடுத்துடு. நெலம் போச்சின்னா நான் எங்க போவேன்?"

நான் வக்காலத்தை நீட்டினேன். "ஒரு கையெழுத்து மச்சான். நாளைக்கு வாய்தா."

"அது என் கேஸு மச்சான். உட்டுட்டன்னு வெளிய தெரிஞ்சா என்னா பேசுவானுங்க? நானே வந்து நிக்கிறேன்."

"போன வாட்டியும் இதத்தான சொன்ன."

வக்காலத்தை வாங்கிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவர் நடிக்கவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த வழக்கின் மேல் அவருக்கு நிஜமாகவே பாசம். நடத்தவும் மாட்டார், விடவும் மாட்டார்.

கதவருகே போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். தில்லைநாதன் வக்காலத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். காலையில் யாரோ போட்டுவிட்டுப் போன பொன்னாடையை உதறி எடுத்துக் கொளஞ்சியம்மாளின் தோளில் போர்த்தினார். பிறகு அவர் தோளைப் பிடித்து, கேமரா இருந்த பக்கமாக மெதுவாகத் திருப்பினார்.